கம்பங்கொல்லையில் கத்துவது எந்தக் காடை?

காடை என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது, புரோட்டாக் கடை வாசலில் மசாலா தடவி அடுக்கி வைத்திருக்கும் காடைதான். கடலூரிலும் புதுச்சேரியிலும் சாயங்காலக் கடைகளில் கிடைப்பது எல்லாமே பண்ணைக் காடை. ஜப்பானியக் காடை என்ற இனத்தைப் பல தலைமுறைகளாக வளர்த்து, பொறுக்கியெடுத்து, முட்டைக்கும் கறிக்குமான வளர்ப்புப் பறவையாக மாற்றிவிட்டார்கள். ஐந்தாறு வாரத்தில் 200 கிராமைத் தொட்டுவிடும். விடாமல் முட்டை போடும், ஆனால் அடைகாக்காது. அந்தக் குணம் வளர்ப்பில் தேய்ந்து போய்விட்டது. குஞ்சு வேண்டுமென்றால் இன்குபேட்டர்தான்.

இந்தக் கட்டுரை அந்தக் காடையைப் பற்றியது அல்ல. மழை பெய்து ஓய்ந்த ஒரு வாரத்தில், கம்பு அல்லது மல்லாட்டை (வேர்க்கடலை) கொல்லைப் பக்கம் காலையில் நடந்தால், கண்ணுக்குத் தெரியாத இடத்திலிருந்து 'விட்-விட்... விட்-விட்...' என்று ஒரு குரல் கேட்கிறதே, அதற்குச் சொந்தக்காரனைப் பற்றியது. பறவை பார்க்கிறவர்கள் இதை மழைக்காடை என்கிறார்கள். கிராமத்தில் கேட்டால் வெறும் காடை என்றே சொல்வார்கள், ஏனென்றால் அங்கே காடை என்பது ஒரு பறவை இல்லை. நான்கைந்து வெவ்வேறு பறவைகளுக்கு அந்த ஒரே பெயர் ஓடிக்கொண்டிருக்கிறது. அதில் ஒன்று காடைக்கு உறவே கிடையாது. அதைப் பிறகு பார்ப்போம்.

புதிதாகப் பறவை பார்க்கத் தொடங்குபவர் முதலில் மழைக்காடையைக் கற்றுக்கொள்வது நல்லது என்பது என் கருத்து. காரணம், ஆண் பறவையைச் சரியாகப் பார்த்துவிட்டால் குழப்பமே வராது. அதை வைத்துக்கொண்டு மற்ற காடைகளை ஒவ்வொன்றாகப் பிரித்துவிடலாம்.

ஆணின் நெஞ்சைப் பாருங்கள்

மழைக்காடை சின்னப் பறவை. அலகு நுனியிலிருந்து வால் நுனி வரை 16 முதல் 18 சென்டிமீட்டர். எடை 70 கிராம் அளவில்தான் இருக்கும். அதாவது கடையில் தட்டில் வரும் பண்ணைக் காடை ஒன்றுக்கு, இது மூன்று வேண்டும். வால் இருப்பதே தெரியாது. கழுத்தும் இல்லாத மாதிரி தலையை உள்ளே இழுத்துக்கொண்டு உட்காரும். அப்படி உட்கார்ந்தால் ஒரு மண்ணாங்கட்டி அளவுக்குத்தான் கண்ணில் படும்.

ஆணின் தொண்டையும் கன்னமும் வெள்ளை. அந்த வெள்ளையின் மேல் கறுப்புக் கோடுகள் தெளிவாக ஓடும். கண்ணுக்குக் கீழே ஒன்று வளைந்து இறங்கும், தொண்டை நடுவில் நங்கூரம் போல ஒரு குறி இருக்கும். கண்ணுக்கு மேலே நீளமான வெள்ளைப் புருவம், உச்சந்தலை நடுவிலும் ஒரு வெளிறிய கோடு. இதற்கெல்லாம் கீழே, நெஞ்சின் நடுவில், ஒரு கறுப்புத் திட்டு. அதுதான் முத்திரை. மை கொட்டியது போல நடுவில் அடர்த்தியாக இருந்து, விலாப்பக்கம் போகப் போகத் தனித்தனிக் கறுப்புக் கீற்றுகளாகப் பிரிந்துவிடும். வயதான ஆணுக்குத் திட்டு பெரிதாகவும், இளம் ஆணுக்கு அரைகுறையாகவும் இருக்கும்.

முதுகு வேறு கதை. பழுப்பு நிறத்தின் மேல் கறுப்புப் பட்டைகள், அவற்றுக்கு இடையே வைக்கோல் நிறத்தில் நீள நீளமான கோடுகள். கழுத்திலிருந்து வால் பக்கம் வரை இந்தக் கோடுகள் ஒரே திசையில் ஓடும். பறவையைக் கையில் வைத்துப் பார்த்தால் இவ்வளவு அலங்காரமான முதுகு எப்படி மறையும் என்றுதான் தோன்றும். காய்ந்த புல் நடுவில் இறக்கிவிட்டால் போதும், அந்த வெளிறிய கோடுகள் புல் தண்டுகளாகவும் கறுப்புப் பட்டைகள் அவற்றின் நிழலாகவும் ஆகிவிடும். பறவையின் ஓரம் எங்கே முடிகிறது, புல் எங்கே ஆரம்பிக்கிறது என்று கண்ணால் பிரிக்க முடியாது. நெஞ்சில் விளம்பரப் பலகை, முதுகில் மறைப்புத் துணி என்று இரண்டு வேலையையும் ஒரே உடம்பில் வைத்திருக்கிறது ஆண். எதிரே நிற்கிற பெண்ணுக்கும் போட்டி ஆணுக்கும் நெஞ்சு தெரியும். மேலே வட்டமிடும் பருந்துக்கு முதுகு மட்டும்தான் தெரியும்.

பெண்ணுக்கு அந்த விளம்பரம் தேவையில்லை. அதனால் கறுப்பு நெஞ்சும் இல்லை, தொண்டையில் கோலமும் இல்லை. மங்கலான மணல் நிறத் தொண்டை, நெஞ்சில் லேசான பழுப்புப் புள்ளிகளும் கீற்றுகளும், அவ்வளவுதான். பெண் மழைக்காடையைக் களத்தில் பார்த்து உறுதியாகச் சொல்வது கஷ்டம். அனுபவசாலிகளே 'காடை வகை' என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். அப்படி எழுதுவதில் வெட்கம் எதுவும் இல்லை.

வலசை வரும் சாம்பல் காடை

மழைக்காடையோடு மிக நெருங்கியது சாம்பல் காடை. இரண்டும் ஒரே பேரினம், உருவமும் ஏறக்குறைய ஒன்றே. சாம்பல் காடை சற்றுப் பெரியது, குளிர்காலத்தில் வடக்கே இருந்து இந்தியாவுக்குள் வருவது. அதன் ஆணுக்கும் தொண்டையில் நங்கூரக் குறி உண்டு என்பதால், தொண்டையை மட்டும் பார்த்து முடிவு கட்டக் கூடாது. நெஞ்சுக்கு வாருங்கள். சாம்பல் காடையின் நெஞ்சு வெறும் செம்பழுப்பு, கறுப்புத் திட்டு கிடையாது.

பெண்கள் இரண்டையும் பிரிக்க ஒரே ஒரு உறுதியான வழி இறக்கையில் இருக்கிறது. இறக்கையை விரித்தால் வெளிப்பக்கம் தெரியும் நீளமான பறப்பிறகுகளில், சாம்பல் காடைக்குப் பழுப்பின் மேல் வெளிர் வரிகள் குறுக்கே குறுக்கே ஓடும். மழைக்காடைக்கு அந்த இறகுகள் வரியே இல்லாத ஒரே பழுப்பு. பறந்து போகிற அரை நொடியில் கண்ணால் இதைப் பார்க்க முடியாது. ஆனால் இப்போது எல்லோர் கையிலும் வேகமான கேமரா இருக்கிறது. கிளம்பும்போது தட்டிய படத்தில் இறக்கை விரிந்து விழுந்திருந்தால், வீட்டுக்கு வந்து பெரிதாக்கிப் பார்த்துக்கொள்ளலாம்.

காதை நம்புவது இன்னும் சுலபம். மழைக்காடையின் குரல் இரண்டு அடி. 'விட்-விட்' என்று சேர்த்துச் சொல்லிவிட்டு ஒரு சின்ன இடைவெளி, மறுபடி 'விட்-விட்'. இப்படி மூன்று, நான்கு, ஐந்து முறை சொல்லிவிட்டு நிறுத்தும். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி தொடங்கும். சாம்பல் காடை மூன்று அடி போடும், முதல் அடிக்குப் பின் இரண்டு அடி சேர்ந்து துள்ளி வரும். தாளம் தெரிந்தவர்கள் ஒரு முறை கேட்டாலே பிரித்துவிடுவார்கள். விடியற்காலையும் பொழுது சாயும் நேரமும் குரல் அதிகம். இனப்பெருக்கக் காலம் சூடு பிடித்துவிட்டால் ராத்திரியிலும் கத்தும். வானம் மூடிக்கிடக்கிற நாளில் பகலிலும் கேட்கலாம்.

குரல் வந்த திசையில் நேராகப் போனால் பறவை கிடைக்கும் என்று நினைக்காதீர்கள். தலையைத் திருப்பித் திருப்பிக் கத்துவதால் குரல் ஒரு நேரம் கிட்டத்திலும் ஒரு நேரம் தூரத்திலும் கேட்கும். வரப்பில் அசையாமல் உட்கார்ந்து, புல் இடைவெளியோ வண்டித் தடமோ தெரிகிற இடமாகப் பார்த்துக் காத்திருப்பதுதான் வழி. காடை ஓடித்தான் இடம் மாறும். வெற்றுத்தரையைக் கடக்கிற இரண்டு மூன்று நொடிதான் உங்களுக்கான நேரம்.

காடையே இல்லாத காடை

இப்போது அந்த உறவில்லாத ஆளுக்கு வருவோம். நம் கொல்லைகளிலும் முந்திரித் தோப்பு ஓரங்களிலும் காடை என்று பெயர் வாங்கிக்கொண்டு திரியும் பறவைகளில் ஒன்றுக்குக் காலில் மூன்றே விரல், பின்விரல் கிடையாது. உருவம், நிறம், ஓட்டம், திடீரென்று கிளம்பிப் பறப்பது எல்லாம் அச்சு அசல் காடை. ஆனால் குடும்பம் வேறு. உண்மையான காடைகள் கோழி, மயில், கௌதாரி வகையறா. இந்த மூன்றுவிரல் காடையோ, சில்வர் பீச்சில் அலை ஓரம் பறக்கிற ஆலாக்களுக்கும் கடற்காகங்களுக்கும் தூரத்துச் சொந்தம். ஒரே மாதிரி இடத்தில், ஒரே மாதிரி பிழைப்பு நடத்தியதால் இரண்டு வெவ்வேறு வம்சங்கள் ஒரே உருவத்துக்கு வந்து சேர்ந்திருக்கின்றன.

இதில் வீட்டு நடப்பு தலைகீழ். பெண்தான் பெரியது, பெண்தான் நிறம் கூடியது, பெண்தான் குரல் கொடுத்து ஆணைத் தேடும். முட்டை போட்டு முடித்ததும் பெண் கிளம்பிவிடும், அடுத்த ஆணைத் தேடிப் போகும். அடைகாப்பதும் குஞ்சை வளர்ப்பதும் ஆணின் வேலை. பெண்ணின் குரல் கூவலே இல்லை. தூரத்தில் யாரோ பைக்கை நிறுத்திவைத்து ஆக்ஸிலேட்டரை மெதுவாக முறுக்குவது போல ஒரு 'ட்ர்ர்ர்ர்' நீண்டுகொண்டே போகும்.

புதியவர்கள் தடுமாறும் இடம் இதுதான்: இந்தப் பெண் பறவைக்கும் கறுப்பு உண்டு. 'கறுப்பு நெஞ்சைப் பார்த்தேன், ஆகவே மழைக்காடை' என்று அவசரப்படக் கூடாது. மூன்றுவிரல் காடைப் பெண்ணுக்கு மோவாயிலிருந்தே கறுப்பு தொடங்கித் தொண்டை வழியாக மேல் நெஞ்சுக்கு இறங்கும், இரண்டு பக்கமும் நெருக்கமான குறுக்கு வரிகள் இருக்கும். மழைக்காடை ஆணுக்குத் தொண்டை வெள்ளை, நெஞ்சுதான் கறுப்பு. தொண்டை வெள்ளையா கறுப்பா என்ற ஒரே கேள்வி இந்த இரண்டையும் பிரித்துவிடும்.

விரலை வைத்துப் பிரிக்கலாமே என்று சிலர் ஈர மண்ணில் காலடித் தடம் தேடுவார்கள். உண்மையான காடைக்குப் பின்விரல் இருந்தாலும் அது சின்னது, கொஞ்சம் மேலே தூக்கினாற்போல இருப்பது. தடத்தில் பல நேரம் பதியாது. ஆகவே தடத்தில் மூன்று விரல் தெரிந்தால் எதுவும் நிரூபணம் ஆகவில்லை.

மற்ற இரண்டு பேரை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். புதர்க்காடைகள் என்று இரண்டு இனம், ஒன்று புதர்க்காட்டுக்கு, இன்னொன்று அதைவிடக் காய்ந்த கற்பாங்கான நிலத்துக்கு. இரண்டிலும் ஆணின் நெஞ்சு முழுக்க வெள்ளையும் கறுப்புமாக நுண்ணிய குறுக்கு வரிகள். கூட்டமாகத் திரியும். கால் வைத்தால் ஒரே புதரிலிருந்து ஏழெட்டுப் பறவை ஏழெட்டுத் திசைக்குச் சிதறிப் பறக்கும். மழைக்காடை பெரும்பாலும் ஒற்றையாகவோ ஜோடியாகவோ இருக்கும் என்பதால், கூட்டம் சிதறினால் அது மழைக்காடை அல்ல என்று எடுத்துக்கொள்ளலாம்.

மழைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

பூமத்திய ரேகையை விட்டு வெகுதூரம் வடக்கே உள்ள நாடுகளில் கோடையில் பகல் மிகவும் நீளும், குளிர்காலத்தில் சீக்கிரம் இருட்டிவிடும். அங்கே வாழும் பறவைகள் பகல் நீள்வதை வைத்தே கூடு கட்டும் காலத்தைக் கணக்குப் போட்டுவிடலாம். நம் பக்கம் கோடையின் நீண்ட பகலுக்கும் மார்கழியின் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் ஒன்றரை மணி நேரம்கூட இல்லை. இங்கே நிலத்தின் முகத்தை மாற்றுவது மழை. மழை விழுந்தால் புல் முளைக்கும், புல்லில் பூச்சி ஏறும், கொஞ்ச நாளில் புல்லே விதை பிடிக்கும். காடைக்கு ஒளிந்துகொள்ள மறைவும் குஞ்சுக்குத் தீனியும் ஒரே நேரத்தில் வந்து சேரும் காலம் அதுதான்.

அதனால் மழைக்காடையின் இனப்பெருக்கம் மழையைப் பின்தொடர்கிறது. இந்தியா முழுவதற்கும் எடுத்துக்கொண்டால் மார்ச் முதல் அக்டோபர் வரை என்பார்கள், அதிலும் தென்மேற்குப் பருவமழை இறங்கிய பிறகுதான் மும்முரம். குஜராத், ராஜஸ்தான், சிந்து போன்ற வறண்ட பகுதிகளில் ஒரு வாரம் முன்பு வரை ஒரு காடைகூட இல்லாத நிலத்தில், மழை விழுந்ததும் எல்லாப் பக்கமும் குரல் கேட்கத் தொடங்கிவிடும். எங்கிருந்தோ ராத்திரியோடு ராத்திரியாக வந்து இறங்கியிருக்கும். மழைக்காலம் முடிந்து புல் காய்ந்ததும் காணாமல் போகும்.

கடலூருக்கும் புதுச்சேரிக்கும் மழை இரண்டு தவணை. ஆடி, ஆவணியில் சாயங்கால இடியோடு வந்து போகிறது ஒன்று. ஐப்பசி, கார்த்திகையில் புயல் சின்னத்தோடு சேர்ந்து ஊரையே மிதக்கவிடுகிறது இன்னொன்று. பெரிய மழை இரண்டாவதுதான் என்றாலும், தரையில் கூடு வைக்கிற பறவைக்கு வெள்ளம் நிற்கும் நிலம் எதற்கும் உதவாது. ஆகவே நாட்காட்டியைப் பார்க்காமல் நிலத்தைப் பாருங்கள். நல்ல மழைக்குப் பிறகு தண்ணீர் வடிந்து, புல் முழங்கால் உயரத்துக்கு வந்திருக்கும் மேட்டு நிலம் எதுவோ, அங்கே போய்க் காது கொடுங்கள்.

முட்டை, குஞ்சு

கூடு என்று பெரிதாக ஒன்றும் இல்லை. பயிருக்குள்ளோ புதர் அடியிலோ தரையைக் காலால் லேசாகக் கிளறி ஒரு பள்ளம், அதில் கொஞ்சம் காய்ந்த புல். ஆறு முதல் எட்டு முட்டை வழக்கம், சில நேரம் கூடுதலாகவும் இருக்கும். வெளிர் மஞ்சள் அல்லது பழுப்பு ஓட்டில் கரும்பழுப்புத் தெறிப்புகள். ஒவ்வொரு பெண்ணின் முட்டைக்கும் தெறிப்பு ஒரு விதமாக இருக்கும். அடைகாப்பது பெண் மட்டுமே, 16 முதல் 18 நாள்.

இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. எட்டு முட்டையை ஒரே நாளில் போட முடியாது. நாளுக்கு ஒன்றாகப் போட்டால் முதல் முட்டைக்கும் கடைசி முட்டைக்கும் ஒரு வாரம் இடைவெளி விழும். முதல் முட்டையிலிருந்தே அடைகாத்தால் குஞ்சுகளும் ஒரு வார இடைவெளியில் பொரியும். காக்கைக்கு அது பரவாயில்லை, குஞ்சுகள் கூட்டிலேயே கிடக்கும். காடைக் குஞ்சோ பொரித்துச் சில மணி நேரத்தில் எழுந்து நடந்துவிடும். நடக்கிற குஞ்சைப் பார்ப்பதா, பொரியாத முட்டையில் உட்கார்வதா என்று தாய்க்குத் திண்டாட்டம் வரும். இதைத் தவிர்க்கத்தான் கடைசி முட்டை விழும் வரை தாய் அடையில் உட்காருவதில்லை. அதுவரை முட்டைக்குள் கரு வளராமல் காத்திருக்கும்.

அதோடு முடியவில்லை. பொரிக்கும் நாள் நெருங்கும்போது குஞ்சுகள் ஓட்டுக்குள் இருந்தபடியே 'டிக், டிக்' என்று ஒலி எழுப்புகின்றன. ஒட்டிக் கிடக்கும் பக்கத்து முட்டைக்கு அந்த ஒலியும் அதிர்வும் போய்ச் சேரும். பின்தங்கிய குஞ்சு வேகத்தைக் கூட்டிக்கொள்ளும். காடை முட்டைகளை ஒட்டியும் பிரித்தும் வைத்து 1960களில் செய்த ஆய்வுகளில் இது தெளிவானது. ஒட்டி வைத்த முட்டைகள் ஒன்றாகப் பொரித்தன, தனித்தனியாக வைத்தவை முன்னும் பின்னுமாகப் பொரித்தன. ஓட்டை உடைப்பதற்கு முன்பே அண்ணன் தம்பிகள் பேசி முடிவெடுத்துவிடுகிறார்கள்.

வெளியே வந்த குஞ்சுக்குத் தாய் ஊட்டுவதில்லை. தரையைக் கொத்திக் காட்டும், குஞ்சு தானே பொறுக்கும். முதல் நாட்களில் அதற்கு வேண்டியது எறும்பு, கறையான், சின்னப் புழு, வண்டு. வளர்ந்த காடை புல் விதையும் களை விதையும் தின்று காலம் தள்ளும், ஆனால் குஞ்சுக்கு வேகமாகத் தசையும் இறகும் வைக்கப் புரதம் வேண்டும். அது பூச்சியில்தான் இருக்கிறது. பூச்சிமருந்து அடித்த கொல்லையில் பெரிய காடைகள் உயிரோடு திரிந்தாலும் குஞ்சுகள் தேறாமல் போவதற்கு இது ஒரு காரணம். மருந்து நேரடியாகக் கொல்ல வேண்டியதில்லை, சாப்பாட்டைத் துடைத்துவிட்டாலே போதும்.

விதை தின்னும் பறவைக்குப் பல் இல்லையே, எப்படி அரைக்கும்? கோழிக்கடையில் கந்தனக்காய் என்று தருகிறார்களே, அந்தத் தடித்த தசைப்பை காடைக்கும் உண்டு. விழுங்கிய சின்னக் கற்கள் அதற்குள் கிடந்து விதையை அரைத்துக் கொடுக்கின்றன. செம்மண் பாதைகளில் காலை வேளை காடை எதையோ கொத்திக்கொண்டிருந்தால், அது கற்களைப் பொறுக்கிக்கொண்டிருக்கலாம்.

ஏன் கடைசி நொடி வரை பறப்பதில்லை?

கொல்லையில் நடந்து பழகியவர்களுக்கு இது தெரியும். கால் மிதிக்கும் தூரம் வரை ஒன்றும் அசையாது. திடீரென்று காலடியிலிருந்து 'விர்ர்ர்' என்று ஒன்று கிளம்பும், நெஞ்சு ஒரு முறை நின்று ஓடும். தரையை ஒட்டி நேராகப் பறந்து, கொஞ்ச தூரத்தில் பயிருக்குள் விழுந்துவிடும். விழுந்த இடத்துக்கு ஓடினால் அங்கே இருக்காது. இறங்கியதும் ஓடி வேறு பக்கம் போயிருக்கும். இரண்டாவது முறை கிளப்புவது முதல் முறையைவிடக் கஷ்டம்.

பறக்கத் தெரியாமல் இப்படிச் செய்வதில்லை. இதன் கூடப்பிறந்தது போன்ற சாம்பல் காடை ராத்திரிப் பயணமாக நாடுவிட்டு நாடு போகிறது. மழைக்காடையும் மழையைத் தேடித் தொலைதூரம் போகும். பகலில் பறந்தால் வைரிக்கும், குளிர்காலத்தில் வயல்களின் மேல் தாழப் பறந்து அலசும் பூனைப்பருந்துக்கும் கண்ணில் படும். அசையாமல் கிடந்தால் முதுகுக் கோடுகள் காப்பாற்றும். மறைவு பலிக்கும் வரை மறைவு, பலிக்காது என்று தெரிந்த கணத்தில் இறக்கை. கிளம்பும் சத்தமே எதிராளியை ஒரு நொடி திடுக்கிட வைக்கும், தப்பிக்க அந்த நொடி போதும்.

ஒளிந்தே வாழ்ந்தாலும் ஆண்கள் ஒருவரையொருவர் விட்டுவைப்பதில்லை. எல்லைக்காகக் கடுமையாகச் சண்டை போடும். காடைகளின் இந்த முரட்டுத்தனம் நம்மவர்களுக்கு வெகுகாலமாகவே தெரியும். சங்கப் பாடல்களில் குறும்பூழ் என்று வருவது காடைதான், குறும்பூழ்ப் போர் பார்க்கப் போகிற ஆளும் அங்கே இருக்கிறான். வீட்டில் வேறு காரணத்துக்காகத் திட்டு வாங்குகிறான் என்பது தனிக்கதை.

நம் கரையின் காடை

மழைக்காடை இந்தியத் துணைக்கண்டம் முழுவதும், கிழக்கே மியான்மர், தாய்லாந்து, கம்போடியா, வியட்நாம் வரை பரவியிருக்கிறது. ஆனால் அறிவியல் ஏட்டில் அதற்குக் கிடைத்த முகவரி நம்முடையது. பிரெஞ்சு இயற்கையியலாளர் பியேர் சொன்னேரா 18ஆம் நூற்றாண்டில் புதுச்சேரி வட்டாரத்தில் இருந்து பறவைகளைச் சேகரித்து விவரித்தவர். அவருடைய பயண நூல் 1782இல் வந்தது. அதில் வந்த விவரிப்புகளை வைத்து ஜெர்மானியரான க்மெலின் பல பறவைகளுக்கு இலத்தீன் பெயர் சூட்டினார். மழைக்காடைக்கு 1789இல் அவர் கொடுத்த பெயரில் சோழமண்டலக் கரை ஒட்டிக்கொண்டது. இன்றைக்கும் அதன் அறிவியல் பெயர் கோட்டர்னிக்ஸ் கோரமண்டெலிக்கா. நம் மலைக்காடுகளின் சாம்பல் காட்டுக்கோழி சொன்னேராவின் பெயரையே சுமக்கிறது.

தேடிப் போக விரும்புகிறவர்கள் பெரிய காடு எதையும் தேட வேண்டாம். திட்டக்குடி, விருத்தாசலம் பக்கத்து மானாவாரிக் கொல்லைகள், பண்ருட்டிச் செம்மண்ணில் மல்லாட்டை போடும் திறந்த வெளிகள், ஆரோவில் பக்கத்துப் புல் மேடுகள், ஊசுடு ஏரி, பாகூர் ஏரிகளைச் சுற்றித் தண்ணீர் ஏறாத தரிசுகள், சம்பா அறுத்த பின் உளுந்து விதைக்கும் வயல்களின் ஓரங்கள் என்று புல்லும் பயிரும் கலந்த வெளிச்சமான நிலமாகப் பாருங்கள். நெருக்கமாக வளர்ந்த சவுக்குத் தோப்புக்குள் தேடுவது வீண் வேலை, தரையில் புல்லே இருக்காது. போன் ரெக்கார்டரை ஓடவிட்டுக் குரலைப் பதிவு செய்துகொண்டால் இரண்டு அடியா மூன்று அடியா என்று நிதானமாகப் பிறகு கேட்டுக்கொள்ளலாம். அந்தப் பதிவை, பறவை பார்க்கிறவர்கள் தங்கள் பதிவுகளைச் சேர்க்கும் இபேர்ட் (eBird) தளத்தில் ஏற்றினால் மற்றவர்களும் கேட்டுச் சரிபார்ப்பார்கள். ஒரு விஷயம் மட்டும் வேண்டாம்: போனில் காடைக் குரலை ஒலிக்கவிட்டு ஆணை வெளியே இழுப்பது. எல்லைக்குள் இன்னொரு ஆண் வந்துவிட்டான் என்று அது பதறி ஓடி வரும், அந்த நேரம் கீரியும் பூனையும் சும்மா இருக்காது.

உலக அளவில் மழைக்காடைக்கு இப்போதைக்கு அழிவு ஆபத்து இல்லை என்றுதான் பட்டியலிட்டிருக்கிறார்கள். ஆனாலும் காட்டுக் காடைகள் எல்லாமே 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வருபவை. வலை போடுவது, கண்ணி வைப்பது, பிடித்து வைத்திருப்பது, முட்டையை எடுப்பது எல்லாமே குற்றம். கடையில் 'காட்டுக் காடை' என்று யாராவது விசேஷமாகச் சொல்லி விற்றால், ஒன்று அது பொய், இல்லையென்றால் சட்டவிரோதம்.

அறுவடை மெஷின் ஓடும்போதோ களை எடுக்கும்போதோ கூடு கண்ணில் பட்டுவிட்டால், முட்டையை எடுத்து வீட்டுக் கோழிக்கு அடியில் வைக்கலாம் என்ற யோசனை கிராமத்தில் உடனே வரும். சட்டத்தை விடுங்கள், நடைமுறையிலும் அது சரிவராது. கோழியின் எடைக்கு அந்த மெல்லிய ஓடு தாங்காமல் உடையலாம், பொரித்தாலும் அதற்கு வேண்டிய தீனி முற்றத்தில் கிடைக்காது. கூட்டைச் சுற்றி இரண்டு கை அகலத்துக்குப் பயிரை அறுக்காமல் விட்டுவிட்டு நகர்ந்துவிட்டால், ஆள் நடமாட்டம் ஓய்ந்ததும் தாய் திரும்பி வர வாய்ப்பு உண்டு. தனியாக நிற்கும் அந்தத் திட்டு காக்கைக்கு அடையாளம் ஆகாமல் இருக்க, முடிந்தால் இன்னும் ஒன்றிரண்டு திட்டுகளையும் அங்கங்கே அறுக்காமல் விடலாம்.